ஸைதலானீ: மருந்து கொடுப்பவரின் வரலாறும் இரத்த அழுத்தமும்

அரபுக் கல்லூரியின் தொடக்க வகுப்புகளில் தொழிற்பெயர்களைக் கற்பிக்கும்போது 'ஸைதலானீ' என்ற சொல்லில் சற்றே நின்று செல்வது நமது வழக்கம். மருந்தாளுநர் என்பது அதன் பொருள். மருந்துக் கடையின் முகப்பில் 'ஸைதலிய்யா' என்று எழுதியிருப்பதைப் பிழைப்பு நாடி வளைகுடா சென்று வந்தவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். ஆனால் இச்சொல்லின் வேரை அரபு அகராதியில் தேடும் மாணவன் திகைத்துப் போவான். அது அரபு வேரில் முளைத்த சொல்லே அன்று. கஸ்னாவில் வாழ்ந்து எண்பது வயதைக் கடந்த நிலையில் 'கிதாபுஸ் ஸைதனா' என்னும் மருந்தியல் நூலை எழுதிய அறிஞர் அல்-பீரூனீ (இறப்பு: ஏறத்தாழ ஹி. 440 / கி.பி. 1048) இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். இந்தியாவிலிருந்து சென்ற சந்தனமே இச்சொல்லின் மூலம் என்பது அவர் கருத்து. சந்தனம் விற்றவரைக் குறித்த பெயர், 'ச' என்னும் ஒலி இல்லாத அரபு நாவில் 'ஸாத்' எழுத்தைப் பெற்று, நாளடைவில் மருந்துச் சரக்கு விற்பவர் அனைவருக்கும் உரியதாயிற்று என்கிறார். நம் வீட்டு மாடத்தில் இருக்கும் சந்தனக் கட்டை அரபு நாட்டு மருந்துக் கடையின் பெயர்ப் பலகையில் ஏறியிருக்கிறது என்று சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். பிறகு மகிழ்வார்கள்.

அதே நூலின் முன்னுரையில் அல்-பீரூனீ கூறும் வேறொன்று நமது கட்டுரைக்கு இன்னும் நெருக்கமானது. மருந்துகளை அவற்றின் இனத்தாலும் வகையாலும் தோற்றத்தாலும் அறிந்தால் மட்டும் போதாது. கூட்டு மருந்தில் ஒரு சரக்கு கிடைக்காதபோது அதை விட்டுவிடலாமா, அதற்குப் பதிலாக வேறொன்றைச் சேர்க்கலாமா என்பதையும் மருந்தாளுநர் அறிந்திருக்க வேண்டும். முன்னதை 'ஹத்ஃப்' என்றும் பின்னதை 'தப்தீல்' என்றும் அவர் குறிப்பிடுகிறார். "சார், இந்தக் கம்பெனி இல்லை, வேறு கம்பெனி தரட்டுமா?" என்று இன்றைய கடையில் ஒலிக்கும் கேள்வி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்-பீரூனீ அறிவுத் துறையாகக் கண்ட 'தப்தீல்' தான். கேட்பவருக்கு விடை தெரியுமா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

விடை தெரியாதவர்களும் தெரிந்ததுபோல் நடித்தவர்களும் அன்றும் இருந்தனர். மருத்துவர்களின் வரலாற்றைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ (இறப்பு: கி.பி. 1270) தமது 'உயூனுல் அன்பா'வில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். கலீஃபா முஃதஸிமின் தளபதி அஃப்ஷீன், பாபக் என்பவனுக்கு எதிராகப் போர் தொடுத்துப் பாசறையில் இருந்த காலம் அது. (அப்போர் ஹி. 222 / கி.பி. 837இல் முடிவுற்றது.) பாசறையுடன் சென்ற வணிகர்களில் மருந்து விற்பவர்களும் இருந்தனர். அவர்களைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, ஸகரிய்யா அத்தைஃபூரீ என்னும் மருத்துவர் கலீஃபா மஃமூனின் காலத்தில் நடந்த ஒரு சோதனையை எடுத்துக் கூறினார். "இவர்களிடம் இல்லாத பொருளைக் கேட்டாலும் இருக்கிறது என்று எதையாவது எடுத்துத் தருவார்கள்" என்று ஒருவர் மஃமூனிடம் சொல்ல, அவர் பக்தாதுக்கு அருகிலிருந்த ஓர் ஊரின் பெயரை மருந்தின் பெயர்போல் சொல்லி ஆட்களைக் கடைகளுக்கு அனுப்பினார். எல்லாரும் இருக்கிறது என்றனர். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் விதையையும், ஒருவர் கல்துண்டையும், இன்னொருவர் உரோமத்தையும் கொடுத்தனுப்பினர்.

இதைக் கேட்ட அஃப்ஷீன் தாமும் அவ்வாறே செய்தார். தம் சொந்த நாடான உஷ்ரூஸனாவின் பதிவேட்டிலிருந்து இருபது பெயர்கள் வரை எடுத்து, அவற்றை மருந்துகள் என்று சொல்லிக் கேட்கச் செய்தார். சிலர் "இப்படி ஒன்றை நாங்கள் அறியோம்" என்றனர். சிலர் அறிந்ததாகச் சொல்லிக் கடையில் இருந்ததை விற்றனர். பின்னர் அனைவரையும் அழைத்து, அறியோம் என்றவர்களுக்குப் பாசறையில் தங்கித் தொழில் செய்ய அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார், மற்றவர்களை வெளியேற்றினார்.

மருந்தாளுநருக்கு உரிமம் வழங்கிய வரலாற்றின் மிகப் பழைய செய்திகளுள் இது ஒன்று. தேர்வில் வென்றவர்கள் 'இல்லை' என்று சொன்னவர்கள் என்பது நமக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. பின்னாளில் முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளருக்காக எழுதப்பட்ட கைந்நூல்களில் மருந்து விற்போருக்கும் ஷர்பத் காய்ச்சுவோருக்கும் தனித்தனி அத்தியாயங்கள் அமைந்தன. கலப்படங்களைக் கண்டறியும் முறைகளும் அவற்றில் சொல்லப்பட்டன. அவற்றை விரித்தால் இதழ் போதாது.

ஒரு நூலை மட்டும் கடந்து செல்ல மனமில்லை. கெய்ரோவில் மருந்துக் கடை வைத்திருந்த யூத மருந்தாளுநர் அல்-கூஹீன் அல்-அத்தார், ஹி. 658 / கி.பி. 1260இல் எழுதிய 'மின்ஹாஜுத் துக்கான்'. 'கடையின் நெறி' என்று தமிழாக்கலாம். மகனுக்காக எழுதியது. எடை, அளவு, மூலிகை பறிக்கும் காலம், சேமிக்கும் கலம், சரக்கின் தரத்தைச் சோதிக்கும் வழி என்று கடைக்கு வேண்டியதெல்லாம் இருபத்தைந்து அத்தியாயங்களில் உண்டு. ஆனால் முதல் அத்தியாயம் சரக்கைப் பற்றியதன்று. மருந்து கூட்ட முன்வருபவரிடம் இருக்கவேண்டிய இறையச்சம், நம்பகம், நோயாளியின்பால் கருணை ஆகியவற்றைப் பற்றியது. முஸ்லிம் நகரமொன்றில் யூதர் ஒருவர் அரபு மொழியில் எழுதிய இந்நூல் பல நூற்றாண்டுகள் அத்தார்களின் கைந்நூலாக விளங்கியது என்பதை, சமயங்களுக்கிடையே சுவர் எழுப்புவோர் நினைவில் கொள்ளலாம்.

அதே நூற்றாண்டில் அதே கெய்ரோவில் இப்னுந் நஃபீஸ் (இறப்பு: ஹி. 687 / கி.பி. 1288) வாழ்ந்தார். இதயத்தின் வல அறையிலிருந்து குருதி நுரையீரல் வழியாகவே இட அறையை அடைகிறது என்று அவர் எழுதி வைத்தது, ஹார்வி 1628இல் குருதிச் சுற்றோட்டத்தை விளக்குவதற்கு முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. இப்னு ஸீனா நாடியைப் பத்துக் கூறுகளாகப் பிரித்து ஆராய்ந்ததும் யாவரும் அறிந்ததே. இவற்றைக் காட்டி, இரத்த அழுத்தத்தையும் நம் முன்னோர் கண்டறிந்துவிட்டனர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது வரலாறன்று. நாளங்கள் நிறைந்து போவதன் ஆபத்தை அவர்கள் பேசினர். நிறைவை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. குதிரையின் நாளத்தில் கண்ணாடிக் குழாய் பொருத்திக் குருதி ஏறும் உயரத்தை அளந்ததை ஸ்டீபன் ஹேல்ஸ் 1733இல் வெளியிட்டார். மனிதனின் கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா-ரோச்சி 1896இல் அமைத்தார். குழலை வைத்து ஒலி கேட்டு மேலழுத்தம், கீழழுத்தம் இரண்டையும் அறியும் முறையை ரஷ்யரான கொரோட்காஃப் 1905இல் அறிவித்தார்.

அளக்கத் தெரிந்த பிறகுதான் இந்நோயின் தன்மை விளங்கிற்று. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, முகத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் சுமார் 130 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், அவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருக்கிறதென்றும் கூறுகிறது. மருந்து கண்டுபிடிக்கப்படாததால் அன்று. விலை மலிவான நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. நோயாளி அவற்றைத் தொடர்ந்து உண்பதில்லை.

இங்கே நம் ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்த பெரியவர். அறுபது வயதில் இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்து, மருத்துவர் அம்லோடிபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரே கடையில் மாதந்தோறும் வாங்கினார். சில மாதங்களில் கணுக்கால் வீங்கத் தொடங்கியது. மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று யாரோ சொல்ல, அவர் நிறுத்திவிட்டார். தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை. ஆகவே நோயும் இல்லை என்று முடிவு செய்துகொண்டார். கணுக்கால் வீக்கம் அம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்பதையும், அது சிறுநீரகக் கேடு என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதையும், மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார் என்பதையும் அவருக்குச் சொல்வார் இல்லை. மாதந்தோறும் வந்தவர் நான்கு மாதமாக வரவில்லையே என்று அக்கடையிலும் எவரும் எண்ணவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு விடியற்காலையில் பக்கவாதம் தாக்கியது. அரபு இலக்கணத்தின் நுட்பங்களையெல்லாம் நாவின் நுனியில் வைத்திருந்தவருக்கு இறுதி மூன்றாண்டுகள் பேச்சே இல்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. வாரந்தோறும் அவரைச் சந்தித்த நாமும் கேட்கவில்லை. ஆயினும் ஒன்று உண்மை: மருத்துவரை அவர் ஆண்டுக்கு இருமுறை பார்த்தார், மருந்துக் கடைக்குப் பன்னிருமுறை சென்றார்.

இந்த எளிய கணக்கை முறைப்படி ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் நடந்த ஓர் ஆய்வு 1973இல் வெளியாயிற்று. இரத்த அழுத்தமுள்ள ஐம்பது பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருந்தாளுநர் மாதந்தோறும் சந்தித்தார். அழுத்தத்தை அளந்தார்; மாத்திரை ஒழுங்காக உண்ணப்படுகிறதா என்று பார்த்தார்; நோயைப் பற்றி விளக்கினார்; வேண்டியபோது மருத்துவருக்குத் தகவல் சொன்னார். அப்பிரிவினர் மருந்தைத் தொடர்ந்து உண்டனர்; பலருக்கு அழுத்தம் தணிந்தது. மற்றப் பிரிவில் அத்தகைய மாற்றம் இல்லை. ஆய்வு முடிந்து அச்சந்திப்புகள் நின்றதும் முதற்பிரிவினரும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பினர் என்பது அதன் இரண்டாவது முடிவு. நம் ஆசிரியரை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டாவது முடிவே நமக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

அதன் பின் பல நாடுகளில் ஆய்வுகள் பெருகின. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட 39 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மருந்தாளுநரின் கவனிப்பைப் பெற்றவர்களுக்கு மேலழுத்தம் சராசரியாக 7.6 புள்ளிகள் கூடுதலாகக் குறைந்திருந்தது. சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஊர் முழுவதற்கும் இவ்வளவு குறைந்தால் பக்கவாதத்தில் விழுவோரின் தொகை கண்ணுக்குத் தெரியும்படி குறையும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஆய்வு இன்னும் சுவையானது. கறுப்பின ஆண்களிடம் இந்நோய் மிகுதி. அவர்களோ மருத்துவமனைப் பக்கம் வருவது குறைவு. ஆனால் முடிதிருத்தும் கடைக்குத் தவறாமல் செல்வார்கள். எனவே மருந்தாளுநர்களே அக்கடைகளுக்குச் சென்றனர். 52 கடைகள், 319 வாடிக்கையாளர்கள். மருத்துவர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அழுத்தத்தை அளந்து மருந்தையும் அவர்களே எழுதினர். ஆறு மாதத்தில் இவர்களது சராசரி மேலழுத்தம் 27 புள்ளிகள் குறைந்தது. மருந்தாளுநர் செல்லாத கடைகளின் வாடிக்கையாளர்களுக்கு ஒன்பது புள்ளிகளே குறைந்தன. 2018இல் வெளியான இம்முடிவைப் படித்தபோது பழைய முஸ்லிம் நகரங்களின் 'ஹஜ்ஜாம்' நம் நினைவுக்கு வந்தார். முடி களைதலும் குருதி வாங்குதலும் ஒரே கையில் இருந்த காலம் அது. தமிழகத்திலும் முடிதிருத்தும் சமூகத்தாருக்கு 'மருத்துவர்' என்ற பெயர் வழங்குவது காரணமின்றி அன்று.

மருந்தின் வரலாற்றிலும் நம் நாட்டுக்கு ஓர் இடமுண்டு. சர்ப்பகந்தா என்னும் வேரை யூனானி மருத்துவர்கள் 'அஸ்ரோல்' என்ற பெயரில் வழங்கி வந்தனர். டெல்லி திப்பிய்யாக் கல்லூரியை நிறுவிய ஹகீம் அஜ்மல் கானின் ஊக்கத்தால் வேதியியலறிஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ அதை ஆராய்ந்தார். 1931இல் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு, 1927இல் மறைந்த ஹகீமின் நினைவாக 'அஜ்மலீன்' என்று பெயரிட்டார். இவ்வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் எழுதிய பிறகே மேலை நாடுகள் விழித்துக்கொண்டன. 1952இல் சுவிட்சர்லாந்தில் அதன் வீரியப் பொருளான ரெசர்பின் பிரிக்கப்பட்டது. மனச்சோர்வு முதலான பக்கவிளைவுகளால் இன்று அதன் பயன்பாடு அருகிவிட்டது.

அத்தார் கடைச் சரக்குகள் எல்லாமே அழுத்தத்தைத் தணிப்பவை என்றும் எண்ணிவிடக் கூடாது. அதிமதுரத்தை அரபியர் 'இர்க்குஸ் ஸூஸ்' என்பர். ரமளான் மாலைகளில் கெய்ரோ மக்கள் அதன் பானத்தை விரும்பி அருந்துவர். நம் நாட்டு மருந்துக் கடையிலும் தொண்டைக் கமறலுக்கு அதுவே முதல் மருந்து. ஆனால் அதைத் தொடர்ந்து மிகுதியாக உண்டால் உடலில் உப்பும் நீரும் தங்கும்; பொட்டாசியம் குறையும்; அழுத்தம் ஏறும். மூட்டுவலிக்குச் சீட்டின்றி வாங்கும் மாத்திரைகளில் பலவும், மூக்கடைப்பு மாத்திரைகளில் சிலவும் இவ்வாறே. இவற்றைக் கேட்டு வருபவர் இரத்த அழுத்த மாத்திரை வாங்கும் அதே நபர்தான் என்பதை அறிந்திருப்பவர் மருத்துவரல்லர், கடையில் நிற்பவர்.

அளப்பதிலும் அவருக்குப் பொறுப்புண்டு. வெயிலில் நடந்து வந்தவரை நிற்கவைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி எடுக்கும் எண் எண்ணே அன்று. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து அமரச் செய்து, கையை இதயத்தின் உயரத்தில் தாங்கி, பேசாமல் இருக்கவைத்து, ஒருமுறைக்கு இருமுறை அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். தாமாக மருந்தை மாற்றாமல், எண் மிகுந்திருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இதற்குப் பெரிய கருவியோ பெரிய செலவோ தேவையில்லை. ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் போதும். கூட்டமுள்ள கடையில் அந்தப் பத்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

இந்தியச் சட்டம் இதை அறியாததன்று. மருந்துகளில் போலியும் கலப்படமும் மலிந்த நிலையை ஆராய 1930இல் அமைக்கப்பட்ட சோப்ரா குழுவின் வழியே 1940இல் மருந்துச் சட்டமும், 1948இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன. 2015ஆம் ஆண்டு விதிகள், மருந்தின் பயன், உண்ணும் முறை, பக்கவிளைவு, ஒருவேளை தவறினால் செய்ய வேண்டியது ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துரைப்பதை மருந்தாளுநரின் கடமையாகவே ஆக்கின. நடைமுறையோ வேறு. பதிவு பெற்றவரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், அவர் இருக்கமாட்டார் என்ற நிலையுள்ள கடைகள் எத்தனை! அஃப்ஷீனின் பாசறையில் சீட்டு பெற்றவரே கடையில் இருந்தார். தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வருபவர் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டுச் செல்லாமல், கையில் பட்டை சுற்றி அளக்கவும் செய்கிறார் என்பது நல்ல தொடக்கம்.

நமக்கும் ஐம்பதைக் கடந்த பின் இந்நோய் வந்து சேர்ந்தது. நாம் மாத்திரை வாங்கும் கடையில் மருந்தியல் படித்த இளைஞர் ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் சீட்டை நீட்டியபோது அவர் மாத்திரையை எடுக்குமுன் கேட்டார்: "ஹஜ்ரத், நோன்பு வருதே, காலை மாத்திரைய என்ன செய்யப் போறீங்க?" ஸஹருக்கு மாற்றிக்கொள்வோம் என்றோம். "இதுல ஒண்ணு நீர் பிரியச் செய்யுற மாத்திரை. ஸஹர்ல போட்டா பகல்ல தாகமும் கிறுகிறுப்பும் வரலாம். நீங்களா மாத்தாதீங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். கேட்டோம். மருத்துவர் அதை இஃப்தாருக்குப் பின் மாற்றிக் கொடுத்தார். நோன்பு முப்பதும் நலமாகக் கழிந்தது.

அவரது மேசை இழுப்பறையில் ஒரு நீளக் குறிப்பேடு உண்டு. மாதந்தோறும் வாங்குவோரின் பெயர், கடைசியாக வந்த தேதி, அன்றைய அழுத்தம். நாற்பது நாள் கடந்தும் வராதவரின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு புள்ளி. நாம் ஒருமுறை சென்றபோது அப்படியொரு புள்ளிக்கு அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் இருந்தவர் மாத்திரை தீர்ந்துவிட்டது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருக்கீங்கன்னு தெரியும்ணே," என்றார் அவர். "அதனாலதான் கூப்பிட்டேன்."